அறுபது, முப்பது, பத்து

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
புதிதாக வரும் டயாலிசிஸ் அறைக்கு
நான்தான் நிறம் சொல்ல வேண்டும்.
ஆறு படுக்கை. ஒரே ஜன்னல்.
ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர்.

வெள்ளை அறுபது, ரோஸ் முப்பது, பர்கண்டி பத்து
என்று காகிதத்தில் கட்டம் போட்டேன்.
படித்த கணக்கு அது:
நிறைய இருப்பது கண்ணை உறுத்தக் கூடாது,
கொஞ்சம் இருப்பது மனதில் நிற்க வேண்டும்.

பெயிண்ட் கடை சேவுகன்
கலக்கும் எந்திரத்தில் எண்ணைத் தட்டினான்.
வாளிக்குள் மூன்று தாரை
நூல் மாதிரி இறங்கி நின்றது.
“மெரூன்தானேக்கா?”

இல்லை.
மெரூனில் கொஞ்சம் மண் இருக்கும்,
அரக்கில் கொஞ்சம் பட்டு இருக்கும்,
இதில் நீலம் இருக்கிறது,
வீட்டில் சொல்லாமல் வாங்கிய கடன் மாதிரி,
அடியில்.
எல்லாம் கேட்டுக்கொண்டு
பில்லில் மெரூன் என்றே எழுதினான்.

படுத்தவர் கண்ணுக்கு நேராக,
கால்மாட்டுச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி
மாதிரி பூசிக் காயவிட்டோம்.

நர்ஸ் லூர்து மேரி வந்தார்.
கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.
“ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம் மேடம்.
குழாயில போறதும் இந்தக் கலரு,
திரும்பி வர்றதும் இந்தக் கலரு.
ஃபில்டர் அடைச்சுக்கிச்சுன்னா
அச்சா இதே கலரு.
செவுத்துலயும் வேணுமா?”

என்னிடம் பதில் இல்லை.
நான் வெட்டி ஒட்டிய அட்டையில்
வெல்வெட் சோபா இருந்தது,
எந்த ஊரிலோ பூத்த பூ ஒன்று இருந்தது.
ஊசி குத்திய கை இல்லை.

பழைய கட்டடத்தில் தன் முறைக்குக் காத்திருந்த உமையாள்
சும்மா எட்டிப் பார்க்க வந்தாள்.
கூட்டுறவு வங்கியில் காசாளர்.
இடது முழங்கைக்குக் கீழே
நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது.
சுவரிடம் போய், தொடாமல் நின்று,
“கவுனி” என்றாள்.

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

“கவுனி அரிசி குழைய வெந்து, சீனி போட்டு
இறக்கினதும் தேங்காய்த் துருவல் போடுவோம்ல,
கிண்டறதுக்கு முந்தி,
தேங்காய் ஓரம் மட்டும் ரோஸா ஊறும் பாருங்க,
அந்த நேரம்.”

மூன்று நாள் கணினியில் தேடிச் சேர்த்த மூன்று நிறமும்
ஒரு கிண்ணத்துக்குள் இருந்தது.
நானும் தின்று வளர்ந்த கிண்ணம்தான்.

“எனக்குத் தேங்காய் கூடாது.
கவுனி கூடாது, மாதுளை, பீட்ரூட் கூடாது.
ரோஸ்மில்க்கை நினைச்சாலே எடை ஏறிடும்.
தண்ணி முக்கால் லிட்டர்,
மாத்திரை முழுங்குறதும் அதுலயே.”
சிரித்தாள்.
“கண்ணுக்குப் பத்தியம்னு எந்த டாக்டரும்
இன்னும் எழுதித் தரல.”

“இருபத்தெட்டுப் பேர்ல இவங்க ஒருத்தங்க”
என்றார் லூர்து மேரி.
அதுவும் நியாயம்தான்.

சுவர் எல்லாம் வெள்ளை ஆனது.
திரைச்சீலை ரோஸ்,
துவைக்கத் துவைக்க வெளுக்கும், வெளுக்கட்டும்.
பர்கண்டியைக் கதவின் உள்பக்கத்தில் பூசினோம்,
எந்திரத்திலிருந்து எட்டடி தள்ளி,
எழுந்து போகிறவர்கள் கை வைத்துத் தள்ளும் பக்கத்தில்.
பத்து என்றது மூன்றோ நான்கோ ஆயிற்று.
கணக்குத் தெரிந்தவர்கள் பார்த்தால்
தப்பு என்பார்கள்.

கதவுக்கு ஒரு லிட்டர்கூடச் செலவாகவில்லை.
கலந்த பெயிண்டைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.
மீதி மூன்று லிட்டர்
காரைக்குடி வரைக்கும் டிக்கியில்
ஒவ்வொரு வேகத்தடைக்கும் தளும்பிக்கொண்டு வந்தது.

போன வாரம் சேவுகன் போன் செய்தான்,
வேறு ஒரு பாக்கிக்காக.
வைப்பதற்கு முன்னால் சொன்னான்:
அஞ்சாம் நம்பர் படுக்கையிலிருந்துதான்
கதவு முழுசாகத் தெரிகிறதாம்,
உமையாளுக்கும் அவன் அப்பாவுக்கும்
செவ்வாய்க்கிழமை காலையில்
அதற்குத்தான் சண்டையாம்.

உன் அப்பாவா என்றேன்.
“ரெண்டு வருஷமாக்கா.
அவரும் மெரூன்னுதான் சொல்றாரு.”